எலியோ ஒரு தரம்தான் கேட்டான்

வரதராஜாவை யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் வேண்டாம் என்பார். இரண்டாம் தரம் கேட்டாலும் வேண்டாம்தான். மூன்றாம் தரம் கேட்டால், "சரி, இவ்வளவு சொல்லுறியள்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். வயிறு காந்திக்கொண்டிருந்தாலும் ஒழுங்கு அதுதான். கொக்குவிலில் பிறந்த எவருக்கும் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. முதல் கேள்விக்கே தலையாட்டுகிறவனை ஆலாய்ப் பறக்கிறான் என்று அங்கே முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுவார்கள். ஊரோடு நின்றிருந்தால் அது நல்ல பழக்கம்தான். சிட்னிக்குக் கப்பலேறி வந்ததும் அந்தப் பழக்கம் அந்த மனிதனையே தின்றுவிட்டது.

1971இல் மனைவி சிவனேஸ்வரியோடு வந்து ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தார். லிட்கம் பக்கம் இரும்புக் கதவுச் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவற்றுக்கு வரைபடம் கீறும் வேலை. முதல் வருடத்தில் அங்கே அவர் குடிக்காமல் விட்ட தேநீர் எத்தனையோ. "டீ வேண்டுமா?" என்று மேற்பார்வையாளர் கேட்பார், இவர் வேண்டாம் என்பார், அந்த ஆள் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். இவர் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிவனேஸ்வரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனவள். ஒரு கிழமையிலேயே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"இஞ்சேருங்கோ, வேணுமெண்டால் ஓம் எண்டு டக்கெண்டு சொல்லுங்கோ. இவங்கள் திருப்பிக் கேக்க மாட்டாங்கள்."

"ஆலாய்ப் பறக்கச் சொல்லுறீரோ?"

"பறக்க வேண்டாம். குடிச்சால் காணும்."

சொன்னவள் சரியாகத்தான் சொன்னாள். கேட்டவர் கேட்கவில்லை.

அதே தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்தவன் எலியோ நத்தோலி. சிசிலிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் தீவிலிருந்து பதினொரு வயதில் தாயோடு வந்தவன். மத்தியான இடைவேளையில் பொதிப்பெட்டிகளின் மேல் இருந்துகொண்டு கிட்டார் வாசித்துப் பாடுவான். பாட்டும் மெட்டும் அவனே கட்டியவை. வரதராஜாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் ஒருநாள் அவன் பாடிய மெட்டைக் கேட்டுவிட்டு இவர் கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தார். அது அப்படியே கீரவாணி ராகம். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் வயலின் படித்த காதுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எலியோ ஒரு வரி பாடி மூச்சு வாங்கிய இடைவெளியில், தன்னையறியாமல் அந்த வரிக்குப் பதிலை வாய்க்குள் முணுமுணுத்தார். கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தை வயலின்காரர் எடுத்துச் சொல்வதுபோல, பழக்கத்தில் வந்தது.

எலியோ பாட்டை நிறுத்தினான். "என்ன அது?"

"ஒன்றுமில்லை."

"இன்னொரு தரம் பாடு."

"வேண்டாம், சும்மா."

"பாடு, வாரா."

அவனுக்கு 'வரதராஜா' முழுவதும் வாயில் நுழையவில்லை. அன்றிலிருந்து அவர் வாரா. மூன்றாம் தரமும் கேட்டபின் பாடினார். அடுத்த வெள்ளிக்கிழமை வயலினோடு லைக்கார்ட்டில் இருந்த நத்தோலி வீட்டுக்குப் போனார்.

அந்த வீட்டில்தான் அவருக்கு சிட்னி பிடித்தது. எலியோவின் தாய் நுன்சியாத்தா, கறுப்புச் சட்டை போட்ட குள்ள மனுசி, வாசலிலேயே சாப்பிடு என்றாள். வேண்டாம் என்றார். சாப்பாட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டே சாப்பிடு என்றாள். வேண்டாம் என்றார். பொரித்த கத்தரிக்காயை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு மூன்றாம் தரம், இத்தாலியனில், அதட்டலாகச் சொன்னாள். வரதராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சிவனேஸ்வரியிடம், "அதுகள் எங்கட ஆக்கள்தான்" என்றார்.

அவர் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறவர். சப்பாத்தோடு நடக்கும் நிலத்தில் இருக்க மாட்டார். நுன்சியாத்தா அவருக்கென்று ஒரு சாம்பல் நிறக் கம்பளியை மடித்து வைத்தாள். இத்தாலியச் சங்கங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் எலியோ பாடப்போகும்போது அந்தக் கம்பளியும் கூடப் போகும். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே கம்பளியை விரித்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரதராஜா ஏறி இருப்பார். முதலில் சிரிப்பார்கள். எலியோ 'வெறுங்கதிரை' என்ற பாட்டைத் தொடங்கினால் சிரிப்பு நின்றுவிடும்.

குவீன்ஸ்லாந்துக்குக் கரும்பு வெட்டப் போய்ப் பதினொரு வருடம் திரும்பாத தகப்பனுக்காக, ஒவ்வொரு நாளும் மேசையில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டுச் சாப்பிட்ட வீட்டின் பாட்டு அது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வயலின் ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலை வரதராஜா ஆறு மாதம் செதுக்கினார். கடைசி ஸ்வரத்தில் விரல் நேராகப் போய் நிற்காது; மேலே தொட்டு, தயங்கி, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். அந்த இடத்தில் கிழவிகள் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி எடுப்பார்கள். பாட்டு எலியோவினுடையது, பதில் தன்னுடையது என்று வரதராஜா நினைத்திருந்தார். அதை எவரிடமும் சொன்னதில்லை. பக்கவாத்தியக்காரர் அப்படிச் சொல்வது அழகல்ல.

மூன்று வருடம் இப்படிப் போனது. 1974இல் எலியோ மாறத் தொடங்கினான்.

மிலானிலிருந்து அவனுடைய மச்சான் அனுப்பிய இசைத்தட்டுகளில் புதுக் குழுக்கள் இருந்தன. ஓர்கனும் ட்ரம்ஸும் மின்சாரக் கிட்டாரும் ஒன்றோடொன்று முட்டி மோதும் ரொக் இசை, பாடுவது மட்டும் இத்தாலியனில். எலியோ அவற்றைத் தேயத் தேயக் கேட்டான். தலைமயிர் தோளைத் தொட்டது. தொழிற்சாலை வேலையை விட்டான். பழைய கிட்டாரை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு மின்சாரக் கிட்டார் வாங்கினான். ட்ரம்ஸ் அடிக்க ஒருவனையும் ஓர்கன் வாசிக்க ஒருவனையும் பிடித்து வந்தான். வீட்டுக் கராஜில் பயிற்சி நடந்தது.

"சங்கத்தில் நான் பாடும்போது கிழவர்கள் சீட்டு விளையாடுகிறார்கள், வாரா" என்றான். "இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களை வந்தேறி, வொக் என்று திட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் நான் கிட்டாரோடு அழுதுகொண்டிருக்கிறேன். அவர்களுக்கு அழுகை வேண்டாம். சத்தம் வேண்டும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வரதராஜாவுக்கே அது தெரியும். முதல் நாள் கராஜில் இருந்தபோது தலை வெடித்தது உண்மை. மூன்றாம் கிழமை, ட்ரம்ஸ்காரன் ஏழு ஏழாகப் பிரித்து அடித்த ஒரு இடத்தில் இவருடைய கை தானாகவே தொடையில் தாளம் போட்டது. அந்த இரைச்சலுக்குள்ளும் கீரவாணி செத்துப்போகாமல் நிற்பதைக் கண்டார். அதற்குள் வயலின் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து நித்திரை கெட்டது. ஆனால் எலியோ எப்படி என்று கேட்டபோது வாயைத் திறந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சத்தம் கொஞ்சம் கூடுதல்."

முகத்துக்கு முன்னால் புகழ்வது அவர் வளர்ந்த இடத்தில் வழக்கமில்லை. அந்த இடத்தை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு காலை எலியோ ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக்கு வந்தான். கதிரையின் நுனியில் இருந்தான்.

"வாரா, ஆகஸ்டில் மெல்பேர்ன் போகிறோம். இசைத்தட்டுப் போட ஒரு கொம்பனி ஒத்துக்கொண்டிருக்கிறது. முழுக்க ரொக். 'வெறுங்கதிரை'யையும் புதிதாக அடிக்கப்போகிறோம். நீ நின்றுகொண்டு வாசிக்க வேண்டும், வயலினில் சின்ன மைக் ஒட்ட வேண்டும். வருகிறாயா?"

 இந்தக் கேள்விக்காகத்தான் வரதராஜா நாலு மாதமாகக் காத்திருந்தார். வாய் என்ன சொன்னது?

"சீச்சீ, நான் எதற்கு? நல்ல ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ."

சொல்லிவிட்டு, அடுத்த தரத்துக்காக இருந்தார்.

 எலியோ தலையை ஆட்டினான். "சரி. பரவாயில்லை" என்றான். அது புது எலியோவின் சொல், ட்ரம்ஸ்காரனிடமிருந்து தொற்றியது. சிவனேஸ்வரி தேநீர் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்போது கேட்பான் என்று வரதராஜா நினைத்தார். அவன் ஒலிபெருக்கிகளைப் பற்றிப் பேசினான். படியிறங்கும்போது கேட்பான் என்று கூடவே போனார். அவன் காரில் ஏறிக் கையசைத்தான்.

"ஏன் வேண்டாமெண்டனீங்கள்?" சிவனேஸ்வரி கேட்டாள்.

"திருப்பி வருவான் பாரும். நுன்சியாத்தா பெத்த பிள்ளை."

திருப்பி வருவான் என்று அவர் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலையில் ஆகஸ்டுக்கு இரண்டு கிழமை லீவு எழுதிக் கொடுத்தார். கால் விரிந்த பெல்பொட்டம் களிசான் ஒன்று வாங்கினார். முப்பத்திமூன்று வயதில், அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வயலினை நாடிக்குக் கீழே இடுக்கி வாசிக்கப் பழகினார். கணுக்காலில் ஊன்றிய வயலின் எங்கும் போகாது; இடது கை முழுச் சுதந்திரமாக வழுக்கும். நின்றால் அந்தக் கையே வயலினைத் தாங்கவும் வேண்டும். விரல் வழுக்கினால் வயலினும் சேர்ந்து வழுக்கும். தாடையில் தோல் உரிந்தது. பதினெட்டாவது நாள் அந்தக் கடைசி ஸ்வரம் நின்ற நிலையில் சரியாக இறங்கியது. குசினியிலிருந்து சிவனேஸ்வரி ஓடிவந்து கதவடியில் நின்றாள்.

"வந்திட்டுது. இனிப் போய் அவனிட்டை வாறன் எண்டு சொல்லுங்கோவன்."

"கேட்டு வாங்கிறதோ? அவன் வந்து கேக்கட்டும்."

"அவன் கேட்டிட்டான்."



அந்த வெள்ளி, எலியோ வந்துபோன ஞாயிறுக்குப் பிறகு முதல் தரமாக, லைக்கார்ட்டுக்குப் போனார். கராஜ் பூட்டியிருந்தது. நுன்சியாத்தா தனியாக இருந்தாள்.

"திங்கட்கிழமையே போய்விட்டார்கள்" என்றாள். "நீ ஏன் வர மாட்டேன் என்றாய்? இந்தக் கதிரையில் இருந்துகொண்டு எலியோ சொன்னான்: வாராவுக்கு என் பாட்டு இப்போது வெறும் இரைச்சல், எனக்காக வந்து கெட்டுப்போக அவனுக்கு விருப்பமில்லை. அவன் முகத்தை நீ பார்க்கவில்லை."

வரதராஜா கம்பளியைப் பார்த்துக்கொண்டு, "நான் வந்திருப்பேன்" என்றார். "இன்னொரு தரம் கேட்டிருந்தால் வந்திருப்பேன்."

அவளுக்கு அது உடனே விளங்கியது. அந்த நகரத்திலேயே விளங்கக்கூடிய ஒரே மனுசி. எழுந்து போய், நடையில் இருந்த தொலைபேசியைக் காட்டினாள். பக்கத்துச் சுவரில் மெல்பேர்ன் இலக்கம் எழுதி ஒட்டியிருந்தது.

"இப்போதே எடுக்கிறேன். நாளைக்கு ரயிலேறு."

"வேண்டாம்."

"இன்னும் தொடங்கியிருக்க மாட்டார்கள். எடுக்கட்டுமா?"

"வேண்டாம். அவன் போய்விட்டான்தானே."

அவள் ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் தரம் கேட்டாள். மெதுவாக, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அவருடைய ஒழுங்கின்படியே அவள் கேட்டாள். இப்போது ஓம் என்று சொல்ல வேண்டும். கொக்குவில் முழுவதும் கூடி நின்று பார்த்தாலும் குறை சொல்ல முடியாத இடம் அது. ஆனால் தன்னை விட்டுவிட்டு அவன் போய்விட்டானே என்ற கோபம் விடவில்லை. தாய் சொல்லி மகன் கூப்பிட்டு, போனால் அது என்ன போக்கு?

"வேண்டாம்" என்றார்.

நுன்சியாத்தா ரிசீவரை வைத்துவிட்டாள். மூன்றாம் தரத்து வேண்டாம் உண்மையான வேண்டாம் என்று அவளுடைய தீவிலும் தெரியும். பிறகு பழக்கத்தின்மேல் மட்டும் பழி சாட்ட வரதராஜாவுக்கு வாய்ப்பே இல்லாமல் போனது. சாட்டினார், அது வேறு விஷயம்.

அடுத்த வருடம் பாட்டு ரேடியோவில் வந்தது. கதவுச் சட்டங்களைப் படத்தில் கீறிக்கொண்டிருந்தவருக்கு முதலில் ட்ரம்ஸ் கேட்டது, பிறகு எலியோவின் குரல். ஒரு அடி முடிந்தது. பதில் வந்தது. அவருடைய பதில், ஸ்வரத்துக்கு ஸ்வரம், மின்சாரக் கிட்டாரில். கடைசி ஸ்வரத்தில் கம்பியை இழுத்து மேலே தொட்டு, தயங்கி, கீழே வழுக்கவிட்டிருந்தான். வாசித்தது எலியோதான், மூன்று வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு விரல் எங்கே போகிறது என்று தெரியாதா? கிழமை முடிவதற்குள் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர்கள் அந்தப் பதிலைச் சீட்டியடித்தார்கள். தட்டின் உறையில் எழுதியிருந்தது: சொல்லும் இசையும் எலியோ நத்தோலி.

அது கேவலமாக இருந்திருந்தால் வரதராஜா பிழைத்திருப்பார். நன்றாக இருந்தது.

1976இல் குழு சிட்னிக்கு வந்தது. லைக்கார்ட்டில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு பின்னேரக் கச்சேரி. கதவுக்கு வெளியே நின்ற அந்தப் பிள்ளைகள் எல்லோரும் இப்போது உள்ளே நின்று குதித்தார்கள். 'வெறுங்கதிரை' வந்தபோது அவர்களே பதில்வரியை லா லா என்று பாடினார்கள். வரதராஜா கால் விரிந்த களிசான் போட்டிருந்தார். இரண்டு வருடம் மடித்து வைத்த கோடு தொடையில் தெரிந்தது.

முடிந்ததும் அவரும் சிவனேஸ்வரியும் மேடைக்குப் பின்னால் போனார்கள். எலியோ ஓடிவந்து வியர்வையோடு கட்டிப்பிடித்தான். "வாரா! என் வாரா!" சுற்றி நின்றவர்களுக்கு, "என்னுடைய பழைய வயலின்காரர்" என்று சொன்னான். இசையைப் பற்றிக் கேட்க அவனுக்குத் தயக்கம். சிவனேஸ்வரியிடம் சுகம் விசாரித்தான். பிறகு, புறப்படுகிறவரிடம் எவரும் சொல்வதுபோல, "ஒருநாள் எங்களோடு வந்து நீ வாசிக்க வேண்டும்" என்றான்.

இந்த முறை வரதராஜா விடவில்லை.

"ஓம். எப்போது?"

எலியோவின் சிரிப்பு அப்படியே நின்றது. ட்ரம்ஸ்காரனைப் பார்த்தான்.

"நான் இப்போது நின்றும் வாசிப்பேன்" என்றார் வரதராஜா. குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "பழகிவிட்டேன். அந்த மைக்கும் ஒட்டலாம்."

"வாரா..." எலியோ அவருடைய தோளில் கை வைத்தான். "இப்போது வயலினுக்கு இடமில்லை. பாட்டெல்லாம் கட்டியாகிவிட்டது. நான் தொலைபேசி எடுக்கிறேன்."

"எந்த நாள்?"

சிவனேஸ்வரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் அவமானப்பட்டது அந்த ஒரு நாள்தான். தன் புருசனுக்காக, எல்லோருக்கும் முன்னால். தொலைபேசி வரவில்லை. நுன்சியாத்தா மட்டும் எடுத்து வெள்ளிக்கிழமை சாப்பிட வா என்றாள். மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் வேண்டாம் என்றார். பிறகு அந்தக் கம்பளியை யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

1978இல் டூங்கபியில் சிறிதரன் வீட்டில் சரஸ்வதி பூசை வைத்தார்கள். சிறிதரன் முந்தின வருடம் வந்த எஞ்சினியர். பழைய கதை எதுவும் தெரியாது. அப்போது அங்கே பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பம் சேர்ந்தாலே பெரிய கூட்டம். வரதராஜாவின் வயலினும் படத்துக்கு முன்னால் பூவோடு இருந்தது. பூசை முடிந்ததும் அதை எடுத்து, கம்பளியை விரித்து, நிலத்தில் இருந்து இரண்டு கீர்த்தனை வாசித்தார். எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். சபை மரியாதைக்கு இவர்கள் யாருக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

சிறிதரன் முன்னால் வந்து குந்தினான்.

"அண்ணை, ரேடியோவில ஒரு இத்தாலியன்ர ரொக் பாட்டுப் போகுதெல்லே, கதிரையைப் பற்றி. அது எங்கட கீரவாணி மாதிரியெல்லோ கிடக்கு. அதில கிட்டார் ஒரு இடத்தில வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன்."

"வேண்டாம்."

"சும்மா ஒருக்கா, அண்ணை."

"வேண்டாம் தம்பி. சரஸ்வதி பூசையில அது என்னத்துக்கு?"

"பிள்ளையளும் கேக்குதுகள். எங்களுக்காண்டி."

மூன்று தரம் ஆகிவிட்டது. வரதராஜா வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றினார். வில்லை வைத்தார். நாலு வருடமாக வாசிக்காத பதில், ஒரு இடத்திலும் தட்டுப்படாமல் வந்தது. கடைசி ஸ்வரத்தை மேலே தொட்டு, தயங்கி, இறக்கி விட்டார். அவல் கோப்பைத் தட்டோடு வந்த சிவனேஸ்வரி அசையாமல் நின்றாள்.

சிறிதரன்தான் முதலில் தொடையில் தட்டினான்.

"அச்சொட்டு, அண்ணை! அந்த இத்தாலியனைப் போலவே வாசிச்சிட்டியள். எத்தினை தரம் கேட்டுப் பழகினனீங்கள்?"

சிவனேஸ்வரி வாயைத் திறந்தாள். வரதராஜா அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"கனதரம், தம்பி" என்றார்.